14 பேருக்கு வீட்டில் ராத்திரி டிபன்: தோசை ஊத்துறவங்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா?

தாமிரபரணிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை ராத்திரி நாத்தனார் குடும்பமும், வீட்டுக்காரரோட வேலை பார்க்கிற ரெண்டு குடும்பமும் வீட்டுக்கு வர்றாங்க. எங்களையும் சேர்த்து 14 பேர். பெரியவங்க 8, வயசானவங்க 2 (ஒருத்தருக்கு சர்க்கரை), பிள்ளைங்க 4. இட்லி, தோசை, சாம்பார், சட்னின்னு எளிமையா முடிக்கலாம்னு எண்ணம். கைவசம் இருக்கிறது ரெண்டு பர்னர் அடுப்பு, 2 லிட்டர் கிரைண்டர், 16 குழி இட்லிப் பானை, ஒரு இரும்புத் தோசைக்கல்.

எவ்வளவு மாவு ஆட்டணும், எதை எப்ப ஆரம்பிக்கணும்? எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம் ஒருத்தர் மட்டும் தனியா உட்கார்ந்து சாப்பிடுற நிலைமை வரக்கூடாது. அதுக்காகவே வெளியில போயிடலாமான்னும் வீட்டுல ஒரு பேச்சு ஓடுது.

கணக்குப்பிள்ளை:
மாவுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். தோசை மட்டும் என்று வைத்தால் நீங்கள் பயப்படுவது நடந்தே தீரும். ஆளுக்கு நான்கு தோசை என்றால் ஐம்பதைத் தாண்டும். ஒரு தோசைக்கு இரண்டரை நிமிடம். ஒரே கல்லில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் நின்றாக வேண்டும். எனவே வயிற்றை நிரப்பும் வேலையை இட்லியிடம் விட்டுவிடுங்கள். தோசை இரண்டாம் சுற்று.

பெரியவர்களுக்கு 3 இட்லி, 2 தோசை. வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் 2 இட்லி, 1 தோசை. ஆக 36 இட்லி, 22 தோசை. ஓர் இட்லிக்கு 55 கிராம் மாவு, ஒரு தோசைக்கு 90 கிராம். இரண்டும் சேர்ந்து 4 கிலோவை ஒட்டி வரும்.

1 கிலோ இட்லி அரிசி, 250 கிராம் உளுந்து ஆட்டினால் ஏறக்குறைய 3 கிலோ மாவு கிடைக்கும். உங்களுக்கு 1 கிலோ 400 கிராம் அரிசி, 350 கிராம் உருட்டு உளுந்து, ஒன்றரை டீஸ்பூன் வெந்தயம். அரிசியை 4 மணி நேரம் ஊற வையுங்கள். உளுந்தும் வெந்தயமும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஊறினால் போதும். கிரைண்டர் 2 லிட்டர் என்பதால் உளுந்து ஒரே ஈடாக ஆடிவிடும், அரிசியை 700 கிராம் வீதம் இரண்டு ஈடாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் மாவு விளிம்பு வழியாக வழியும், கல்லும் திணறும்.

உளுந்துக்குத் தண்ணீரை மொத்தமாக ஊற்றாதீர்கள். குளிர்ந்த நீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளித்து 25 நிமிடம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை என்று பொருள். பழைய உளுந்து எவ்வளவு ஆட்டினாலும் பொங்காது, இட்லி கல்லாகத்தான் வரும். 14 பேர் வரும் நாளுக்குப் புது உளுந்தாக வாங்குங்கள். அரிசி மட்டும் மெல்லிய ரவைப் பதத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று: பொங்கினால் மாவு இரண்டு மடங்காகும். 4 கிலோவையும் ஒரே பாத்திரத்தில் வைத்தால் விடியும்போது மேடை முழுக்க மாவுதான். இரண்டு பாத்திரமாகப் பிரித்து, பாதிக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். வெள்ளி இரவு 9 மணிக்குக் கரைத்து வைத்தால் சனி காலை 6 மணிக்குப் பொங்கியிருக்கும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் 5.30க்கு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காமல் சாயங்காலம் வரை விட்டால் புளித்துவிடும்.

கல்தோசை:
கணக்குப்பிள்ளை சார் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். பொங்கின மாவை அடிவரைக்கும் கிண்டக்கூடாது. ஒரு பாத்திரத்தை இட்லிக்குன்னு தொடாம வைங்க, மேலாக அள்ளி ஊத்துங்க. இன்னொண்ணுல அரை டம்ளர் தண்ணி, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு நல்லா கலக்கி தோசைக்கு வச்சுக்கங்க. சர்க்கரை நிறத்துக்குத்தான்.

இனி கல்லு விஷயம். அக்கம்பக்கத்துல இன்னொரு கல் கேட்டு வாங்கிடுங்க. ரெண்டு பர்னர்லயும் ரெண்டு கல். அப்ப 22 தோசைக்கு அரை மணி நேரம் போதும். ஆனா இரவல் கல்லை அன்னைக்கே முதல் தடவையா அடுப்புல ஏத்தாதீங்க. முந்தின நாளே நல்லெண்ணெய் தடவி, மிதமான தீயில காயவச்சு, ரெண்டு மூணு தோசை ஊத்திப் பாருங்க. சப்பாத்தி போட்டுப் பழகின கல்லா இருந்தா தோசை ஒட்டும், முதல்ல ரெண்டு ஊத்தப்பம் போட்டுப் பதப்படுத்துங்க.

கல் எவ்வளவு காயணும்கிறதுலதான் பாதிப் பேர் தடுமாறுறாங்க. மாவு ஊத்தித் தேய்க்கும்போது கரண்டியோடவே சுருண்டு வந்தா கல்லு அதிகமா காஞ்சிருக்கு. தேய்க்க நல்லா வந்து, எடுக்கும்போது அடியில பிடிச்சா காயவே இல்லை. தண்ணி தெளிச்சா சொய்ங்குனு உடனே ஆவியாகணும், அது சரியான சூடு. ஒவ்வொரு தோசைக்கு முன்னாடியும் தண்ணி தெளிச்சு, பாதி வெங்காயத்தைக் கத்தியில குத்தி அதால ஒரு தேய். தீயைக் குறைச்சு மாவை ஊத்தித் தேய்ச்சுட்டு, அப்புறம் தீயைக் கூட்டு. எண்ணெயை தோசை ஓரத்துல விடணும். மாவு ஊத்துறதுக்கு முன்னாடி கல்லுல எண்ணெயைக் கொட்டினா மாவு வழுக்கும், தேய்க்கவே வராது.

மாவு ஃப்ரிட்ஜ் சில்லிப்போட இருந்தா தோசை நடுவுல வெள்ளையா நின்னுடும். 5.30ன்னு சார் சொன்ன நேரத்தைத் தள்ளிப்போடாதீங்க.

ஆள் மாத்துறதுதான் உங்க கேள்விக்கு நேரான பதில். 22 தோசையையும் ஒரே ஆள் ஊத்த வேண்டாம். முதல் 11 ஒருத்தர், அடுத்த 11 இன்னொருத்தர். ரெண்டு கல்லையும் ஒரே ஆள் பார்க்கலாம், ஒண்ணு வேகுற நேரத்துல இன்னொண்ணுல ஊத்தணும். உங்க வீட்டுக்காரரையே ரெண்டாவது ஆளா நிறுத்துங்க. அவரோட நண்பர்கள்னா அடுப்படி வாசல்ல நின்னு பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க, நீங்க தட்டை எடுத்துக்கிட்டு கூடத்துல போய் உட்காரலாம்.

ஈரோட்டு மஞ்சள்:
அக்கா, ரெண்டு பர்னர்லயும் கல்லு ஏறிடுச்சுன்னா சாம்பாரை எங்க வைப்பீங்க? அதனால சாம்பார் 6.30க்கே இறங்கிடணுமுங்க. 3 லிட்டர் பிடிக்கிற ஹாட்பேக்கை கொதிக்கிற தண்ணி ஊத்தி பத்து நிமிஷம் சூடேத்தி, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு சாம்பாரை மாத்துங்க. ராத்திரி 8.30 வரைக்கும் நல்ல சூடா இருக்கும்.

14 பேருக்கு டிபன் சாம்பார் ரெண்டரை லிட்டர் வேணும். பாசிப்பருப்பு 150 கிராம், துவரம்பருப்பு 100 கிராம். சின்ன வெங்காயம் கால் கிலோ, தக்காளி 4, மஞ்சள் பூசணி 200 கிராம், கேரட் 2. புளி சின்ன எலுமிச்சை அளவு, அதுக்கு மேல வேண்டாம். தக்காளியே புளிப்புக்குப் போதும்.

வறுத்து அரைக்க: மல்லி 3 டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு ஒன்றரை டேபிள்ஸ்பூன், மிளகாய் வத்தல் 10, வெந்தயம் அரை டீஸ்பூன், தேங்காய்த் துருவல் 4 டேபிள்ஸ்பூன். வெந்தயத்தைத் தனியா வறுங்க. மல்லியோட சேர்த்துப் போட்டா மல்லி வறுபடுறதுக்குள்ள அது கருகிடும், மொத்தச் சாம்பாரும் கசக்கும். அப்படிக் கசந்துட்டா வெல்லம் போட்டாலும் மறையாதுங்க.

அரைச்ச விழுதைப் போட்டப்புறம் பத்து நிமிஷத்துக்கு மேல கொதிக்க விடாதீங்க, வாசனை போயிடும். ஒரு கொட்டைப்பாக்கு அளவு வெல்லம், நெய்யில கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிச்சு இறக்குங்க. பாசிப்பருப்பு நேரம் ஆக ஆக இறுகும். இறக்கும்போது ரசத்தை விடக் கொஞ்சம்தான் கெட்டின்னு இருக்கணும். பக்கத்துல ஒரு ஃப்ளாஸ்க்ல வெந்நீர் வச்சுக்குங்க, இறுகினா அதை ஊத்திக் கலக்கிக்கலாம். பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க.

தேங்காய்ச் சட்னிக்கு ரெண்டு மூடி போதாது, ரெண்டு முழுத் தேங்காய் வேணும். ஒரு தேங்காய்க்கு பொட்டுக்கடலை 2 டேபிள்ஸ்பூன். அதுக்கு மேல போனா மாவு மாதிரி வழவழன்னு ஆகும். ஐஸ் தண்ணி விட்டு அரைங்க, மிக்ஸி சூட்டுல தேங்காய்ல எண்ணெய் பிரியாது. இதை 6.45க்கு அரைங்க, மத்தியானமே அரைச்சு வெளியில வச்சா ராத்திரிக்குள்ள கெட்டுடும். தக்காளி வெங்காயக் காரச் சட்னி காலையிலேயே வதக்கி அரைச்சுக்கலாம், எண்ணெய் கொஞ்சம் தாராளமா விட்டா தாங்கும். பொடி, நல்லெண்ணெய் இருக்கவே இருக்கு.

திண்டுக்கல் பூட்டு:
இவ்வளவு பாடு எதுக்குங்க? சீரகச்சம்பா பிரியாணி ஒரு அண்டா வச்சுட்டா யாரும் அடுப்படியில நிக்கவே வேண்டாமே. 14 பேருக்கு ஒன்றரை கிலோ அரிசி, 2 கிலோ கோழி. அரிசி 20 நிமிஷம் ஊறினா போதும், கூட ஊறினா கிளறும்போது உடைஞ்சு குழையும். ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றரைப் பங்கு தண்ணி, கறி விட்ட தண்ணியையும் அதுலயே கழிச்சுக்கணும். தண்ணியும் அரிசியும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் மூடி, அடியில ஒரு தோசைக்கல், மேல கனம், சிறு தீயில 15 நிமிஷம் தம். அணைச்சப்புறம் 15 நிமிஷம் மூடியைத் தொடாம இருந்தா உதிரி உதிரியா வரும். எல்லாரும் ஒண்ணா உட்காரலாம். தயிர்ப் பச்சடி, தால்சா, முடிஞ்சது.

கணக்குப்பிள்ளை:
பூட்டு சார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விருந்தாளி வந்தபின் அடுப்பு எத்தனை நிமிடம் எரிய வேண்டும் என்பதே கணக்கு என்றால் பிரியாணிக்கு ஈடில்லை. மதியச் சாப்பாடாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இரவு நேரம், வயதானவர்கள் இருவர், பிள்ளைகள் நால்வர். காரமும் நெய்யும் ஒத்துவராதவருக்குத் தனியாக ஒன்று சமைக்க வேண்டிவரும். பிரியாணியில் பதம் தவறினால் மொத்த அண்டாவும் போச்சு. தோசையில் தவறினால் போவது ஒரு தோசைதான்.

கல்தோசை:
அதோட, சுடச்சுட ஒண்ணொண்ணா தட்டுல விழும்போது "எனக்கு முறுகலா, எனக்கு வெங்காயம் போட்டு"ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுற சந்தோஷம் அண்டாவுல கிடைக்காது அண்ணாச்சி. பிள்ளைங்களுக்கு ஒரே கல்லுல நாலு குட்டி ஊத்தப்பம் ஊத்தலாம். நாலு பேருக்கும் ஒரே நேரத்துல கிடைச்சுடும், சண்டை வராது.

பனிநாட்டு இட்லி:
டொராண்டோவிலிருந்து ஒரு கேள்வி. இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் 20 டிகிரிதான். 12 மணி நேரம் வைத்தாலும் மாவு அப்படியே கிடக்கிறது. இதே கணக்கை இங்கே எப்படி நடத்துவது?

கணக்குப்பிள்ளை:
மாவு பொங்குவதற்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளிருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். பல ஓவன்களில் அந்தச் சூடே போதும். சிலவற்றில் கூடிவிடும், ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்து, 32ஐத் தாண்டினால் கதவை லேசாகத் திறந்துவையுங்கள். பாத்திரத்துக்கடியில் ஒரு தட்டு இருக்கட்டும், வழிந்தால் ஓவன் நாறும். கதவில் "உள்ளே மாவு" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் இன்னொருவர் தெரியாமல் ஓவனைப் போட்டுவிட்டால் பாத்திரத்தோடு எல்லாம் வெந்துவிடும்.

அரிசி ஆட்டும்போது வெதுவெதுப்பான நீர் விடலாம். உளுந்துக்கு வேண்டாம். உப்பு பொங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தும், ஆகவே குளிர் நாட்டில் பொங்கியபின் உப்புச் சேர்க்கலாம். சென்னைக் கோடையில் முதலிலேயே போட்டால் சீக்கிரம் புளிக்காது. உளுந்தையும் அரிசியையும் கலக்கும்போது கரண்டியை விட்டுக் கையால் கரைப்பது நல்லது, இரண்டும் சீராகக் கலக்கும்.

வடபழனி வாசி:
வெளியில் போகலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சனிக்கிழமை ராத்திரி 8 முதல் 9.30 வரை 14 பேருக்குச் சேர்ந்த மாதிரி மேஜை கிடைப்பது கடினம். நாலு நாலாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டால் போனதன் நோக்கமே போயிற்று. போவதானால் முந்தின நாளே போன் போட்டுச் சொல்லி, 7 மணிக்கே போய் உட்காருங்கள்.

ஆர்டர் கொடுப்பதில்தான் சூட்சுமம். 14 பேரும் 14 விதமான தோசை சொன்னால் கல்லில் இருந்து ஒவ்வொன்றாகத்தான் வரும். முதல் ஆள் கை கழுவும்போது கடைசி ஆளுக்குத் தட்டு வரும். முதலில் இட்லி, வடை, பொங்கல், இடியாப்பம் என்று தயாராக இருப்பதைச் சொல்லி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். அதைச் சாப்பிடும் நேரத்தில் கல் ஐட்டங்களை ஒரே வகையாக, நாலு நெய் ரோஸ்ட், நாலு ஆனியன் ஊத்தப்பம் என்று சேர்த்துச் சொன்னால் மாஸ்டர் ஒரே வரிசையில் ஊற்றிவிடுவார். காபியைக் கடைசித் தோசை வரும்போதே சொல்லிவிட வேண்டும்.

பில்லில் சாதாரண உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாம். நன்றாகப் பரிமாறிய சர்வருக்கு டிப்ஸை நேரில் கையில் கொடுங்கள்.

தாமிரபரணிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுலயே வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டோம். ரெண்டாவது கல்லுக்கும் சொல்லிட்டேன். மூணு சந்தேகம் பாக்கி. இட்லி மூணு ஈடு வேகிறதுக்குள்ள முதல் ஈடு காஞ்சு போகாதா? சர்க்கரைக்காரருக்கு என்ன தனியா செய்யலாம்? 14 பேருக்கு காபி டிகாஷன் எவ்வளவு?

ஈரோட்டு மஞ்சள்:
இட்லியைத் துணி போட்டு ஊத்துங்க அக்கா. எண்ணெய் தடவுற தட்டை விட துணியில எடுக்கிற இட்லி மெத்துன்னு இருக்கும். ஒரு ஈடு 12 நிமிஷம், 6.30க்கு முதல் ஈடு. அந்த நேரம் சாம்பார் இறங்கி ஒரு பர்னர் காலியா இருக்கும். பானையைத் திறந்ததும் எடுக்காதீங்க, ரெண்டு நிமிஷம் ஆவி அடங்கட்டும், துணிக்கு அடியில தண்ணி தெளிச்சா அப்படியே கழண்டு வரும். ஹாட்பாக்ஸ் அடியில நனைச்சுப் பிழிஞ்ச துணி, அதுமேல வாழையிலைத் துண்டு, அதுல இட்லியை அடுக்கி மேலயும் ஒரு இலை. வெறுமனே போட்டு மூடினா மூடியில இருந்து சொட்டுற தண்ணியில மேல் இட்லி ஊறி கொழகொழன்னு ஆகும். மூணு ஈடும் 7.15க்குள்ள முடிஞ்சுடும்.

வயசானவங்களையும் பிள்ளைங்களையும் 7.20க்கே உட்கார வச்சுடுங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவங்க வழக்கமா சாப்பிடுற நேரத்தைத் தள்ளிப்போடக்கூடாது, விருந்தாளி எல்லாரும் வரட்டும்னு அவங்களைக் காக்க வைக்காதீங்க. அவருக்கு தனிச் சமையலும் வேண்டாம். முழுப் பாசிப்பயறு ஒரு கப்பை ராத்திரியே ஊறவச்சு, இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து மிக்ஸியில அரைச்சா அதே கல்லுல ரெண்டு பெசரட்டு ஊத்தலாம். புளிக்கவைக்க வேண்டியதில்லை. மத்தவங்களும் கேப்பாங்க, ரெண்டு கப்பாவே ஊறப்போடுங்க.

கணக்குப்பிள்ளை:
காபிக்கு: பெரியவர்கள் பத்துப் பேர்தான் குடிப்பார்கள் என்று வைத்து, 80 கிராம் தூள், கொதிக்கும் நீர் 350 மில்லி, கிடைக்கும் டிகாஷன் 250 மில்லியை ஒட்டி இருக்கும். ஆளுக்கு 25 மில்லி, பால் ஒரு லிட்டர். 6 மணிக்கே ஃபில்டரில் போட்டுவிடுங்கள். தூளை அழுத்திவிடக் கூடாது, இறங்காமல் நின்றுவிடும். டிகாஷனை மறுபடி கொதிக்க வைத்தால் கசக்கும். பாலை மட்டும் பொங்கக் காய்ச்சி அதில் டிகாஷனை விட்டால் அந்தச் சூடே போதும்.

மீதமான சாம்பார், சட்னியை மேஜையிலேயே விட்டுவிட்டுப் பேச உட்காராதீர்கள், 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். பரிமாறும் கிண்ணத்தில் மிச்சமான தேங்காய்ச் சட்னியைக் கொட்டிவிடுவதே நல்லது. மாவு மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும், வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரம் ஊற்றலாம்.

கல்தோசை:
இரவல் கல்லைத் திருப்பிக் கொடுக்கும்போது சோப்புப் போட்டுத் தேய்ச்சுடாதீங்கக்கா, பதம் போயிடும். சூடு ஆறினதும் கரண்டியால சுரண்டி, வெந்நீர்ல துணியால துடைச்சு, அடுப்புல ஈரம் போகக் காயவச்சு, ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் தடவிக் கொடுங்க.